ஒத்தை டம்ளர் காபிக்கு எத்தனை குப்பை

நாலு பேர் காபி குடிக்கிற வீட்டில் ஒத்தை டம்ளருக்காக உறையும் ஓடும் குப்பையாகச் சேருகிற சிக்கல் வராது. விடியற்காலையில் ஒரு பில்டர் போட்டால் பத்து மணி வரைக்கும் ஓடிவிடும். ஒரே ஒரு ஆள் குடிக்கிற வீட்டில்தான் வரும். மற்றவர்களெல்லாம் டீ, ஒருவருக்கு மட்டும் காபி. அல்லது பனியன் கம்பெனியில் ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து, வீடே தூங்கும்போது தனியாகப் போட்டுக் குடிப்பவர். இப்படிப்பட்ட வீடுகளுக்குள்தான் இரண்டு ரூபாய் இன்ஸ்டன்ட் பாக்கெட்டும், டம்ளர் மேல் மாட்டுகிற டிரிப் பையும், வெளிநாட்டிலிருந்து வந்த மகனோ மருமகனோ வைத்துவிட்டுப் போன கேப்சூல் மெஷினும் நுழைகின்றன.

மூன்றும் நமக்குச் செய்து கொடுப்பது ஒரே வேலைதான்: ஒரு ஆளுக்கு வேண்டிய தூளை அளந்து, காற்றுப் படாமல் கொடுப்பது. அந்த அளவை நாமே பிடித்துக்கொண்டால் உறைக்கு வேலையே இல்லை. இந்தப் பதிவு முழுக்க அந்த அளவைப் பற்றித்தான்.

முதலில் குப்பையின் கணக்கு. 1986-ல் ஸ்விட்சர்லாந்தின் நெஸ்பிரஸ்ஸோ கொண்டுவந்த சின்னக் கேப்சூலில் இருப்பது சுமார் 5 கிராம் தூள். அதைச் சுமக்கிற அலுமினிய ஓடு ஏறக்குறைய 1 கிராம். ஐந்துக்கு ஒன்று ஓடு! ஜெர்மனியின் ஹாம்பர்க் நகர நிர்வாகம் 2016-ல் அரசுப் பணத்தில் இந்தக் கேப்சூல்களை வாங்கக்கூடாது என்று நிறுத்தியது இதனால்தான். டிரிப் பையில் 10 கிராம் தூளுக்கு வெளியே ஒரு மினுமினு உறை, உள்ளே ஒரு வடிகட்டிப் பை, அதைத் தாங்க ஓர் அட்டைக் காது. இரண்டு ரூபாய் பாக்கெட்டை மூன்று பக்கமும் கத்தரித்து விரித்துப் பாருங்கள், உள்ளங்கையை மூடும். உள்ளே இருந்த தூளோ ஒரு டீஸ்பூன். அந்த உறை பாலியெஸ்டர், உலோகப் படலம், பாலிதீன் என்று அடுக்கடுக்காக ஒட்டியது. அடுக்குகளைப் பிரிக்க வழியில்லாததால் எந்த ஆக்கர் கடையிலும், அதாவது பழைய சாமான் கடையிலும், எடைக்கு எடுக்கமாட்டார்கள்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். கேப்சூல்காரர்கள் தரப்பில் ஒரு நியாயம் உண்டு: அவர்கள் மெஷினில் ஒரு சொட்டுக் காபி மீறாது. ஒரு ஆளுக்காகப் பெரிய பில்டரில் போட்டு, மீதி டிகாக்ஷனைச் சாயங்காலம் தொட்டியில் கொட்டுகிறவர், கொட்டையை விளைவித்த தண்ணீர், வறுத்த தீ, காய்ச்சின கேஸ் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் கொட்டுகிறார். ஆகவே உறையை ஒழித்துவிட்டு டிகாக்ஷனைக் கொட்டினால் கணக்கு நேராகாது.

சின்ன பில்டர்

ஒத்தை ஆளுக்குப் பில்டர் காபி ‘சரியா வரமாட்டேங்குது’ என்று பாக்கெட்டுக்குப் போனவர்கள் வீட்டில் பில்டரின் அளவைப் பாருங்கள். பெரும்பாலும் ஆறு டம்ளர் பில்டராக இருக்கும். தவறு அங்கேதான்.

15 கிராம் காபித்தூள் என்பது கிட்டத்தட்ட 40 மி.லி. இடத்தை அடைக்கும். உள்விட்டம் 5 செ.மீ. உள்ள பில்டரில் அது 2 செ.மீ. உயரத்துக்கு நிற்கும். அதே தூளை 7.5 செ.மீ. விட்டத்தில் போட்டால் 1 செ.மீ.கூட வராது. மெல்லிய படுகை என்றால் தண்ணீர் நின்று இறங்காது, ஓடி இறங்கும். டிகாக்ஷன் சாயத் தண்ணீர் மாதிரி இருக்கும், தூளில் பாதிச் சத்து அப்படியே தங்கிவிடும். அதைச் சரிக்கட்ட இன்னும் இரண்டு கரண்டி தூள் அள்ளிப் போடுவோம், டிகாக்ஷன் மீறும், கொட்டுவோம். ஆகவே பாத்திரக் கடையில் கேட்கும்போது ‘ஒரு டம்ளர் பில்டர்’ என்று கேட்டு, மேல் கிண்ணத்தின் வாயை ஸ்கேலில் அளந்து வாங்குங்கள். 5 முதல் 5.5 செ.மீ. சரி. ஓட்டைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எல்லாம் ஒரே அளவில், பிசிறில்லாமல் இருக்க வேண்டும்.

போடுகிற முறை: தூள் 15 கிராம், அதாவது மேசைக்கரண்டியில் தலை தட்டி மூன்று. மேல் கிண்ணத்தில் போட்டு, பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டிச் சமன் செய்து, குடையை (காம்பு வைத்த ஓட்டைத் தட்டு) வைத்து லேசாக அமுக்குங்கள். சிக்கரி கலந்த தூள் என்றால் அமுக்கவே வேண்டாம், குடையின் கனமே போதும். கொதித்த தண்ணீரை அடுப்பிலிருந்து இறக்கி அரை நிமிடம் விட்டு, முதலில் இரண்டு மேசைக்கரண்டி மட்டும் ஊற்றித் தூளை நனையுங்கள். தூள் உப்பி, குமிழ் விடும். அரை நிமிடம் கழித்து மீதியை ஊற்றுங்கள். மொத்தத் தண்ணீர் 80 மி.லி. தூள் தன் எடையைப்போல் இரண்டு மடங்குத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் 30 மி.லி. மேலேயே தங்கும், கீழே 50 மி.லி. இறங்கும். அதோடு 100 மி.லி. பால். ஒரு டம்ளர் காபி, ஒரு சொட்டு மீதமில்லை.

பத்துப் பதினைந்து நிமிடத்தில் இறங்க வேண்டும். இறங்கவில்லையா? முதலில் சந்தேகப்பட வேண்டியது காற்றை. மேல் கிண்ணமும் கீழ்க் கிண்ணமும் சேருகிற இடத்தில் ஈரம் பட்டால் அது வாஷர் போட்ட மாதிரி இறுகிவிடும். கீழே இருக்கிற காற்று வெளியேற வழியில்லாமல் சொட்டு நின்றுவிடும். பில்டரைத் தட்டிப் பிரயோஜனமில்லை. மேல் கிண்ணத்தை ஒரு நூல் அளவு தூக்கி, மறுபடி வைத்தால் சொட்ட ஆரம்பிக்கும். அப்படியும் இறங்கவில்லை என்றால் ஓட்டை அடைப்பு. எவர்சில்வர் பில்டர் என்றால் மேல் கிண்ணத்தை மட்டும் சின்னத் தீயில் ஒரு நிமிடம் காட்டினால் உள்ளே ஒட்டிய தூள் கருகிவிடும், ஆறினபின் தட்டித் தேய்த்துக் கழுவலாம். பித்தளைப் பில்டரில் இதைச் செய்துவிடாதீர்கள். உள்ளே பூசியிருக்கிற ஈயம் என்று நாம் சொல்வது வெள்ளீயம். அது 232 டிகிரியிலேயே உருகிவிடும், அடுப்புத் தீ அதற்கு மேல். பித்தளைக்கு ஊசிதான்.

மூன்றாவது காரணம் தூளே. சிக்கரி தண்ணீரில் உப்பி, பிசுபிசுத்து, இடுக்கை அடைக்கும். அளவாக இருந்தால் டிகாக்ஷனுக்கு ஒரு கனம் கொடுக்கும், அதற்காகத்தான் கலக்கிறார்கள். காபி-சிக்கரிக் கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்பது நம் நாட்டு உணவுச் சட்டம், உறையில் விகிதம் அச்சிட்டிருக்க வேண்டும். சின்ன பில்டருக்கு 80:20-க்கு மேல் சிக்கரி போகாமல் வாங்குவது நல்லது என்பேன்.

தூளுக்கும் உறை வேண்டாம். வாரத்துக்கு 105 கிராம்தான் ஆகும். அரைத்துக் கொடுக்கிற கடைக்கு ஈரமில்லாத டப்பாவைக் கொண்டு போய், முதலில் வெறும் டப்பாவை எடை போடச் சொல்லிவிட்டு 100 கிராம் வாங்குங்கள். அரை கிலோவாக வாங்கினால் உறை குறையும்தான், ஆனால் அரைத்த தூளின் வாசம் இரண்டு வாரத்துக்கு மேல் நிற்காது. கடைசிக் கால் கிலோவை ‘மணமே இல்ல’ என்று அதிகமாகப் போட்டுத் தீர்ப்பீர்கள். டப்பாவை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். ஒவ்வொரு தடவை வெளியே எடுக்கும்போதும் வேர்த்து ஈரம் இறங்கும்.

டிகாக்ஷனாகச் சேர்த்து வைக்க வேண்டுமென்றால், ஒரு நாள் ஃபிரிட்ஜில் மூடி வைத்தால் நன்றாகவே இருக்கும். இரண்டாம் நாள் புளிப்பு தட்டும். அதற்கு மேல் என்றால் ஐஸ் டிரேயில் ஊற்றி உறைய வையுங்கள். ஒரு கட்டி 15 முதல் 20 மி.லி., மூன்று கட்டி ஒரு டம்ளருக்கு. கொதிக்கிற பாலை அதன்மேல் ஊற்றினால் பாலின் சூடு இறங்கிவிடும், ஆகவே கட்டியை முதலில் டம்ளரோடு வெந்நீரில் வைத்துக் கரைத்துவிட்டுப் பாலை ஊற்றுங்கள். டிகாக்ஷனை மட்டும் நேராக அடுப்பில் வைத்துக் கொதிக்க விட்டால் கசந்துவிடும்.

ராத்திரி ஷிப்ட்காரருக்கு ஒரு வழி: தூளைப் போட்டுச் சமன் செய்து மூடி போட்டு வைத்துவிட்டால் வந்தவுடன் தண்ணீர் காய்ச்சி ஊற்றினால் போதும். முகம் கழுவி வருவதற்குள் இறங்கியிருக்கும்.

பாக்கெட்டுக்குப் பதில் பாட்டில்

இன்ஸ்டன்ட் தான் வேண்டுமென்பவரிடம் பில்டரைப் பற்றிப் பேசி லாபமில்லை. 50 கிராம் கண்ணாடிப் பாட்டில் வாங்கினால் ஒரு கப்புக்கு 1.8 கிராம் வீதம் 27, 28 கப் வரும். ஒரு பாட்டில், ஒரு மூடி, அவ்வளவுதான் மிச்சம்.

‘பாட்டில்ல வாங்குனா கட்டி பிடிச்சுக்குது’ என்பதுதான் எல்லோரும் சொல்கிற குறை. உண்மைதான், ஆனால் அது பாட்டிலின் குற்றமில்லை. பால் கொதிக்கிற பாத்திரத்துக்கு மேலே பாட்டிலைப் பிடித்து ஸ்பூனால் அள்ளுகிறோம். ஆவி நேராக உள்ளே போகிறது. இன்ஸ்டன்ட் தூள் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கிற பொருள், நாலு நாள் ஆவி பட்டால் தார் மாதிரி ஒட்டிக்கொள்ளும். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று அடிக்கிற ஆனி ஆடியில் பொள்ளாச்சிப் பக்கம் இன்னும் சீக்கிரம் கட்டியாகும். பெரிய பாட்டிலிலிருந்து ஒரு வாரத்துக்கு வேண்டிய 12, 13 கிராமைச் சின்ன பாட்டிலில் பிரித்துக்கொண்டு, பெரியதை இறுக்கி மூடி அலமாரியில் வைத்துவிடுங்கள். அடுப்பிலிருந்து இரண்டடி தள்ளி நின்று, காய்ந்த ஸ்பூனால், முதலில் டம்ளரில் தூள், அப்புறம்தான் பால். கட்டி பிடித்ததையும் எறிய வேண்டாம். கொஞ்சம் வெந்நீர் ஊற்றிக் கரைத்தால் அதுவும் டிகாக்ஷன்தான், அன்றைக்கே தீர்த்துவிடுங்கள்.

தண்ணீர் ஊற்றினாலே காபி ஆகிற ‘த்ரீ-இன்-ஒன்’ பொடிப் பாக்கெட்டை விடுதிப் பிள்ளைகள் நிறைய வாங்குகிறார்கள். அதை வீட்டிலேயே கலந்து கொடுத்து அனுப்பலாம். பத்து கப்புக்கு: கொழுப்பு நீக்காத பால் பவுடர் 100 கிராம், பொடித்த வெள்ளைச் சர்க்கரை 70 கிராம், இன்ஸ்டன்ட் காபி 18 கிராம். ஒரு கப்புக்கு இதில் 19 கிராம், 120 மி.லி. வெந்நீர். முதலில் இரண்டு ஸ்பூன் வெதுவெதுப்பான தண்ணீரில் குழைத்துக்கொண்டு, பிறகு சூடான தண்ணீர் ஊற்ற வேண்டும். எடுத்த எடுப்பில் கொதிநீர் ஊற்றினால் பால் பவுடர் முட்டை முட்டையாகத் திரண்டுவிடும்.

நாட்டுச்சர்க்கரையை இந்தப் பொடியில் கலக்காதீர்கள். கவுந்தப்பாடிச் சர்க்கரை எவ்வளவு காய்ந்ததாகத் தெரிந்தாலும் அதில் ஈரம் உண்டு, பொடி முழுவதும் இரண்டு நாளில் கல்லாகும். தனி டப்பியில் வைத்துக் கடைசியில் போடுங்கள். பாலோடு சேர்த்துக் கொதிக்க விட்டால் சில சமயம் திரிந்தும் போகும்.

மெஷின் ஏற்கெனவே வீட்டில் இருந்தால்

வாங்கலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். வந்துவிட்ட மெஷினைப் பரணில் போடுவதும் குப்பைதான், ஆகவே அதை உருப்படியாக ஓட்ட வேண்டும். இதற்கு மறுபடி மறுபடி நிரப்புகிற எவர்சில்வர் கேப்சூல் கிடைக்கிறது. வாங்கும் முன்பு மெஷின் எந்த வகை என்று பார்த்துக்கொள்ளுங்கள். நெஸ்பிரஸ்ஸோவின் பழைய வகை, பம்பு அழுத்தத்தில் தண்ணீரைத் தள்ளுவது. அதற்கு எவர்சில்வர் கேப்சூல் நன்றாகப் பொருந்தும். வெர்ட்டுவோ என்கிற புதிய வகை, கேப்சூலைச் சுழற்றி, விளிம்பில் அச்சிட்ட பார்கோடைப் படித்துத்தான் எவ்வளவு தண்ணீர் விடுவது என்று முடிவு செய்கிறது. பார்கோடு இல்லாத கேப்சூலை அது சீந்தாது. அதில் செய்யக்கூடியது, குடித்து முடித்த அதே கேப்சூலைக் கழுவி, நிரப்பி, மேலே புது அலுமினியத் தாள் ஒட்டி இரண்டு மூன்று தடவை ஓட்டுவது. விளிம்பு நசுங்கினால் அதோடு சரி. உத்தரவாதக் காலம் முடியாத மெஷினில் வேறு கேப்சூல் போடும் முன் அட்டையைப் படித்துவிடுங்கள்.

பழைய வகைக்கு நிரப்புகிற விதம். தூள் 5 முதல் 5.5 கிராம். சிக்கரி அறவே கூடாது. பில்டருக்கு மெதுவாகச் சொட்டுகிற தூள் இங்கே அழுத்தத்தில் களிமண்ணாக அடைத்துக்கொள்ளும். கடையில் ‘பியூர் காபி, பொடி உப்புப் பதத்துக்கு’ என்று சொல்லி அரைக்கச் சொல்லுங்கள். முன்னால் வந்தவர் சிக்கரித் தூள் அரைத்திருந்தால் அரவை மெஷினுக்குள் அதன் மிச்சம் இருக்கும், ஆகவே முதலில் விழுகிற ஒரு பிடியைப் பில்டருக்கு என்று தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். தூளை விளிம்புக்கு 2 மி.மீ. கீழே நிற்கிற மாதிரி நிரப்பி, ஒரே ஒரு தடவை லேசாக அமுக்கி, விளிம்பில் ஒட்டியிருக்கிற தூளை விரலால் சுற்றி வழித்துவிட்டு மூடுங்கள். அந்த வழிப்பைத் தவிர்த்தால்தான் முக்கால்வாசிப் பேருக்குக் காபி கெடுகிறது: விளிம்பில் ஒரு பொடி இருந்தாலும் ரப்பர் வளையம் சரியாக உட்காராது, தண்ணீர் தூளுக்குள் போகாமல் பக்கவாட்டில் வழிந்து டம்ளரில் வெந்நீராக விழும்.

கேப்சூல் இல்லாமல் ஒரு தடவை வெறும் தண்ணீர் விட்டு மெஷினைச் சூடாக்கிக்கொண்டு, பிறகு போடுங்கள். 40 மி.லி. வருவதற்கு 20 முதல் 30 நொடி ஆக வேண்டும். பத்து நொடியில் கொட்டிவிட்டால் தூள் கொரகொரப்பு, அல்லது குறைவு. 40 நொடியாகியும் சொட்டுச் சொட்டாக வந்து, மெஷின் உறுமினால் உடனே நிறுத்துங்கள். தூள் மாவாக இருக்கிறது அல்லது அமுக்கியது அதிகம். பம்பை அப்படியே ஓட விட்டால் அதன் ஆயுசு குறையும். லீவர் இறங்க மறுத்தாலும் பலத்தைக் காட்டக்கூடாது. துளையிடுகிற முள் எவர்சில்வர் மூடியின் ஓட்டையில் உட்காராமல் தகட்டில் முட்டுகிறது என்று அர்த்தம். கேப்சூலை எடுத்து மூடியைக் கொஞ்சம் திருப்பி வைத்துப் பாருங்கள்.

குடித்தவுடன் கேப்சூலை மெஷினுக்குள்ளேயே விட்டுவிடாமல் வெளியே தள்ளி, ஐந்து நிமிடம் ஆறவிட்டுத் திறங்கள். உள்ளே ஆவி இருக்கும், விரல் வேகும். வளையம் தட்டையாகிப் பளபளப்பு போனால் மாற்ற வேண்டியதுதான், அது சில்லறைச் செலவு.

சின்ன எச்சரிக்கை: இந்தக் கேப்சூல் காபி, கடைக் கேப்சூலின் நுரையோடு போட்டி போடாது. பாலும் சர்க்கரையும் சேர்த்துக் குடிப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. கறுப்பாகக் குடிப்பவர் முகம் சுளிக்கலாம்.

மெஷினின் உண்மையான எமன் நம் ஊரில் தண்ணீர்தான். சிறுவாணித் தண்ணீர் வருகிற வீட்டில் கவலையில்லை. பல்லடம், காங்கேயம் பக்கம் போர் தண்ணீரை ஊற்றினால் உள்ளே சூடேறுகிற குழாயில் சுண்ணாம்பு படிந்து, சூடு குறைந்து, ஒரு நாள் அடைத்துக்கொள்ளும். மூன்று கிலோ மின்குப்பை ஆயிரக்கணக்கான கேப்சூலுக்குச் சமம். மாதம் ஒரு தடவை எலுமிச்சை உப்பு, அதாவது மளிகைக் கடைச் சிட்ரிக் அமிலம், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம் கரைத்துத் தொட்டியில் ஊற்றுங்கள். பாதியை ஓட்டிவிட்டு, 15 நிமிடம் நிறுத்தி, மீதியை ஓட்டுங்கள். பிறகு இரண்டு தொட்டி நல்ல தண்ணீர். கரைசலைக் கெட்டியாகப் போட்டால் சீக்கிரம் சுத்தமாகும் என்று நினைத்து 100 கிராம் கொட்டக்கூடாது. சூட்டில் கால்சியம் சிட்ரேட் என்ற வெள்ளைப் படிவு உருவாகி, அது வேறு அடைக்கும்.

டிரிப் பைக்குக் காடாத்துணி

டிரிப் பைக்கு மாற்று ஈரோட்டிலேயே நெய்கிறார்கள். வெளுக்காத காடாத்துணி அரை மீட்டர் வாங்கினால் ஒரு வருடத்துக்குப் பை தைக்கலாம். பனியன் துணி வேண்டாம். பின்னல் துணி ஈரக் கனத்தில் இழுபட்டு, கண் விரிந்து, தூளை விட்டுவிடும். நெய்த துணிதான் சரி.

20 செ.மீ. சதுரத்தை மூலைக்கு மூலை மடித்து, ஒரு பக்கம் இரட்டைத் தையல் போட்டால் கூம்பு. வாயை மடித்துத் தைத்து அதில் ஒரு கம்பி வளையம். புதுத் துணியில் பாவுக்குப் போட்ட கஞ்சி இருக்கும், அதனால் முதல் காபிக்கு முன் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, தண்ணீரை மாற்றி, போட்டு முடித்த காபிச் சக்கை ஒரு கரண்டியோடு இன்னொரு தடவை கொதிக்கவையுங்கள். துணி வாசம் போய்விடும்.

தூள் 15 கிராம், சன்ன ரவைப் பதம். தண்ணீர் 225 மி.லி. முதலில் 30 மி.லி. ஊற்றி அரை நிமிடம் விட்டு, மீதியை மூன்று தடவையாக, மொத்தம் மூன்று நிமிடத்துக்குள். இது பால் ஊற்றிக் குடிப்பதற்கானதல்ல, கடுங்காபிக்காரருக்கு.

சோப்புப் போட்டுத் துவைத்தால் அடுத்த காபியில் சோப்பு மணக்கும். தண்ணீரில் அலசினால் போதும். கொடியில் காயப்போட்டால் நூலில் ஊறிய காபி எண்ணெய் காற்றுப் பட்டுச் சிக்கு வாடை அடிக்கும். ஒரு கிண்ணத் தண்ணீரில் மூழ்க விட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள், தினம் தண்ணீர் மாற்றுங்கள், வாரம் ஒரு தடவை வெந்நீரில் கொதிக்க விடுங்கள். மூன்று மாதம் ஓடும்.

சேர்ந்துபோன குப்பை

அலுமினியக் கேப்சூல் வீட்டில் குவிந்திருந்தால், தூளோடு அப்படியே ஆக்கர் கடையில் கொடுத்தால் வாங்கமாட்டார்கள். கத்தி நுனியால் மேல் தாளைச் சுற்றி வெட்டி, விளிம்பைத் தட்டிச் சக்கையைக் கொட்டி, பாத்திரம் கழுவிய தண்ணீரிலேயே அலசிக் காயவைத்து நசுக்குங்கள். முதலில் காந்தம் வைத்துப் பாருங்கள்: ஒட்டினால் அது அலுமினியம் இல்லை. வெட்டும்போது பிளாஸ்டிக் மாதிரி வளைந்து விரிசல் விட்டால் அது பிளாஸ்டிக் கேப்சூல், தனியாக வையுங்கள். தினம் ஒன்று குடித்தால் வருடத்துக்கு 365 கிராம்தான் சேரும், ஒரு கிலோ ஆக ஏறக்குறைய மூன்று வருடம். ஆகவே காலி அலுமினியக் குளிர்பானக் கேனுக்குள் போட்டு அடைத்து, நிரம்பினபின் மிதித்துத் தட்டையாக்கி, பழைய அலுமினியப் பாத்திரத்தோடு சேர்த்துக் கொடுங்கள். உதிரியாகக் கொடுத்தால் தரம் பிரிக்கிற இடத்தில் சிந்திப் போகும்.

‘மக்கும்’ என்று அச்சிட்ட கேப்சூலை நம்பி வீட்டுத் தொட்டியில் புதைக்காதீர்கள். அதில் பெரும்பாலும் இருக்கிற பிஎல்ஏ என்கிற தாவரப் பிளாஸ்டிக் மக்குவதற்கு நாள்கணக்கில் 58, 60 டிகிரிச் சூடு நிற்க வேண்டும், பெரிய உரக் கிடங்கில்தான் அது நடக்கும். நம் வெயில் எவ்வளவு கொளுத்தினாலும் இரண்டு வாளி உரத்தொட்டிக்குள் அந்தச் சூடு நிற்காது.

பாக்கெட் உறையை உலர் குப்பையில் போடுவதைத் தவிர வழியில்லை, சிமென்ட் ஆலைச் சூளையில் எரிபொருளாகப் போனால் அதுவே அதற்கு நல்ல கதி. வேப்பஞ்சருகோடு சேர்த்து வாசலில் கொளுத்துவது மட்டும் வேண்டாம். பால் பாக்கெட் வேறு விஷயம், அது ஒரே பாலிதீன், காயவைத்துக் கொடுத்தால் எடைக்கு எடுக்கிறார்கள். மூலையை வெட்டும்போது துண்டாக்காமல் தொங்கவிடுங்கள். பக்கத்தில் பால் சொசைட்டி இருக்கிற ஊர்க்காரர்கள் தூக்குப்போசியோடு போய்வந்தால் இந்தப் பேச்சே இல்லை.

சக்கை

ஒத்தை ஆள் காபியில் வருடத்துக்கு ஐந்தரைக் கிலோ தூள் சக்கையாகிறது, ஈரத்தோடு பார்த்தால் மூன்று மடங்கு. ரோஜாத் தொட்டியில் தினமும் மேலே மேலே கொட்டுகிறார்கள். அது காய்ந்து அடை மாதிரி ஒட்டிக்கொண்டு, ஊற்றுகிற தண்ணீரை உள்ளே விடாது. காபிச் சக்கை புளிப்பு, அதனால் ரோஜாவுக்கு நல்லது என்பதும் முழுக்கச் சரியில்லை. புளிப்பு டிகாக்ஷனோடு போய்விடுகிறது, சக்கை கிட்டத்தட்ட நடுநிலைதான். அதில் இருப்பது சுமார் 2 சதவீதம் தழைச்சத்து. பொள்ளாச்சி மஞ்சி மில்களில் கிடைக்கிற தென்னை நார்த்தூளில் இல்லாதது அதுதான். ஒரு பங்கு சக்கைக்கு மூன்று பங்கு அலசின நார்த்தூளோ சருகோ சேர்த்து, பிழிந்தால் விரலிடுக்கில் ஒரு சொட்டு எட்டிப் பார்க்கிற ஈரத்தில் வைத்து, வாரம் ஒரு தடவை கிளறினால் மூன்று மாதத்தில் மண் வாசம் வரும். அழுகல் வாடை வந்தால் ஈரம் அதிகம், சருகைச் சேருங்கள். டப்பாவில் மூடிச் சேர்த்தால் பச்சைப் பூஞ்சை பிடிக்கும். செய்தித்தாளில் பரப்பி ஒரு வெயில் காட்டிவிட்டுச் சேருங்கள்.

நாற்று விட்ட தொட்டியில் மக்காத சக்கையைப் போடவேண்டாம், அதில் மிச்சமிருக்கிற கஃபீன் முளையை அமுக்கிவிடும். கிழிந்துபோன காடாத்துணிப் பையையும் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி இதே உரத்தில் போடலாம். பாலியெஸ்டர் நூலில் தைத்திருந்தால் தையலைப் பிரித்து எடுத்துவிட்டுப் போடுங்கள்.